கனிவதும் முற்றுவதும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எடுத்து எழுதிவிடுகிறேன். உங்கள் தந்தைக்கு 71 வயது. தமிழக அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சின்ன விஷயத்துக்கும் கோபித்துக்கொள்கிறார். பேச்சின் நடுவே சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுகிறார். "அப்பா குழந்தைபோல் ஆகிவிட்டார்" என்று வீட்டில் பேசிக்கொள்கிறீர்கள். உங்கள் தங்கைக்கு 29 வயதுதான். வீட்டில் என்ன சண்டை வந்தாலும் நிதானமாக நின்று முடித்துவைப்பவள் அவள்தான். வயது ஏறினால் பக்குவம் வரும் என்று சொல்லித்தானே வளர்த்தார்கள், அது பொய்யா, முதிர்ச்சி என்றால்தான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதியோருக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கி 26 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கே இப்போது 57 வயது. இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் என்னிடம் கேட்காத குடும்பம் குறைவு. வயது ஏறியதாலேயே யாரும் பக்குவப்பட்டதை நான் பார்த்ததில்லை. வயதான பின்பு அழகாகப் பக்குவப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுத முயல்கிறேன்.

இந்த வேறுபாடு நம் பாட்டிமாருக்குச் சந்தையிலேயே தெரிந்திருந்தது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். ஒடியாவிட்டால் "முற்றல்" என்று கூடையிலேயே திருப்பிப் போட்டுவிடுவார்கள். முற்றிய காய்க்கும் நாள் கூடியிருக்கிறது. கூடிய நாள் அதை நாராக்கிவிட்டது. மாம்பழத்தில் கணக்கு இன்னும் நுட்பம். மரத்தில் நன்றாக விளைந்து, பறித்து வைக்கோலில் அடுக்கியபின் தன் போக்கில் கனிந்த பழம் ஒன்று. விளையும் முன்பே வெயிலில் வாடி உதிர்ந்து மஞ்சள் காட்டுகிற வெம்பல் ஒன்று. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தது இன்னொன்று. தூரத்தில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே நிறம். முகர்ந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் தந்தை முற்றிவிட்டார், தங்கை கனிந்துவிட்டாள் என்று நீங்கள் ஏறத்தாழத் தீர்மானித்துவிட்டதுபோல் தெரிகிறது. இரண்டையும் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்வேன்.

தந்தையிடம் இருந்து தொடங்குவோம். அவருடைய குணத்தை எடைபோடும் முன் அவருடைய காதைப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகன் தன் தந்தையை அழைத்து வந்திருந்தார். உங்கள் வீட்டில் இருக்கும் அதே புகார்: கோபம், விலகல், யாரோடும் பேச்சு இல்லை. பார்த்து முடித்து அவர்கள் வெளியே போய்ப் பணம் கட்டும் இடத்தில் நின்றார்கள். மகன் கேட்டார்: "அப்பா, காசு எடுத்துக்கொண்டு வந்தீர்களா?" பெரியவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காது நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மகனும் சிரித்தார். பெரியவர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு தனியே படி இறங்கிவிட்டார்.

அந்த மகன் கோபம் என்று சொன்னது என்ன என்பதை அந்த ஒரு நிமிடத்தில் நான் நேரில் பார்த்தேன். வயதில் வரும் செவிக்குறை பெரும்பாலும் இரண்டு காதிலும் மெல்ல மெல்ல வருகிறது. முதலில் போவது உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதி. ச, த, க, ப போன்ற மெய்களின் உராய்வும் வெடிப்பும் உயர்ந்த சுருதி. ஆகவே ஓசை காதில் விழும், சொல் விழாது. 'காசு'வும் 'காது'ம் ஒன்றாகிவிடும். 'பசி'யும் 'படி'யும் ஒன்றாகிவிடும். "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று முதியவர்கள் சொல்வது அப்படியே உண்மை. பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் சிரமம். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் முற்றிலும் குழப்பம். நாமோ கத்துகிறோம். கத்தினால் உயிரோசைதான் பெருகும், சொல் தெளியாது. கேட்பவருக்கு, பிள்ளைகள் தன்மேல் எரிந்து விழுகிறார்கள் என்று மட்டும் புரியும். சாப்பாட்டு மேசையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அவர் தட்டை நகர்த்துவது எனக்கு வியப்பாக இல்லை. லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு 2017 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளில், மறதி நோய்க்கான காரணங்களில் நாம் தடுக்கக்கூடியவற்றுள் ஒன்றாகச் செவிக்குறையை வைத்திருக்கிறது. வெள்ளெழுத்து வந்தால் 45 வயதில் கூச்சமில்லாமல் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். காதுக்குக் கருவி என்றால் மட்டும் ஏதோ மானம் போவதுபோல் தயங்குகிறோம். இந்தத் தயக்கத்தால் வீட்டுக்குள்ளேயே தனித்துப்போன எத்தனையோ பேரைப் பார்த்து நான் மனம் வெதும்பியிருக்கிறேன்.

காது ஒன்றுதான் காரணம் என்று சொல்லவரவில்லை. இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பவர் காலையில் இனிமையாக இருக்க முடியாது. முழங்கால் வலி, தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, சில தூக்க மாத்திரைகள் எல்லாமே சுபாவத்தைத் திருகும். முதுமையில் வரும் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது மிக வழக்கம். சில நாட்களுக்குள் ஒருவர் தலைகீழாக மாறினால் கிருமித் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறினால் மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோய் வகையையும் நினைக்க வேண்டும். அதில் ஞாபகம் நன்றாக இருக்கும்போதே குணம் மாறும். இவற்றை எல்லாம் தள்ளிவிட்டு மிஞ்சுவதைத்தான் குணம் என்று பேசலாம்.

"குழந்தைபோல் ஆகிவிட்டார்" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு இழந்தது எதுவும் இல்லை. அவருக்கு இருக்கிறது. காலை பத்து மணிக்கு அவருடைய கையெழுத்துக்காகக் கோப்போடு ஆட்கள் காத்திருந்த நாற்காலி ஒன்று இருந்தது.

இனி மூளைக்கு வருவோம். 20களின் இறுதியில் இருந்தே புதியதை வேகமாகப் பிடிக்கும் திறன் மெல்லக் குறையத் தொடங்குகிறது. சேர்த்துவைத்த அறிவும் சொல்வளமும் 60 வயதைத் தாண்டியும் வளர்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர். அமெரிக்காவின் சியாட்டிலில் வார்னர் ஷை என்பவர் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, ஏழாண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். பெரும்பாலோருக்கு 60 வயதுவரை கவலைப்படும்படியான சரிவு இல்லை என்று கண்டார். அதில் எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று. நடுவயதில் தன்னை வளைந்து கொடுக்கிற இயல்பு உடையவர் என்று சொன்னவர்களுக்குப் பின்னாளில் அறிவுச் சரிவு குறைவாக இருந்தது. முற்றலுக்கும் கனிவுக்கும் உள்ள வேறுபாடு 70இல் பிறப்பதில்லை. அது 45இலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது.

விவேகத்தையே அளக்க முயன்றவர்களும் உண்டு. பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் பால் பால்ட்டெஸ் குழுவினர் மக்களிடம் இப்படிக் கேட்டார்கள்: 15 வயதுப் பெண் ஒருத்தி உடனே திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாள், என்னென்ன யோசிக்க வேண்டும்? "15 வயதிலா? கூடவே கூடாது" என்று முடித்தவர்களுக்குக் குறைந்த மதிப்பெண். பொதுவாக இது சரியில்லை என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தீராத நோய் இருக்கிறதா, பெற்றோரை இழந்துவிட்டாளா, வேறு பண்பாட்டில் வாழ்கிறாளா என்று விசாரித்து, தன் கருத்தின் எல்லையையும் ஒப்புக்கொண்டவர்களுக்கு உயர்ந்த மதிப்பெண். இவ்வகை அறிவு 15 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வேகமாக வளர்கிறது என்றும், அதன்பின் 75 வயதுவரை வெறும் வயதால் மட்டும் கூடுவதில்லை என்றும் கண்டார்கள். உங்கள் தங்கை விதிவிலக்கே இல்லை என்பதற்கு இதுவே போதும். நமக்குக் கரிகாலன் கதையும் இருக்கிறது. இளைஞனுக்கு வழக்கின் முடிவு காணத் தெரியாது என்று தயங்கிய முதியவர்கள் முன் அவன் நரைமுடி அணிந்து வந்து அமர்ந்து, அவர்கள் உவக்கும்படி நீதி சொன்னான் என்கிறது பழமொழி நானூறு. அவர்கள் தேடியது தலைமயிரின் நிறத்தை. கிடைத்த தீர்ப்போ இளைஞனுடையது.

பிறகு ஏன் சில முதியவர்களிடம் மட்டும் அந்த அமைதி இருக்கிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பொருந்தி வருகிறது. முன்னால் நீண்ட காலம் இருப்பதாக நம்புகிறவர் புதிய மனிதர்களையும் புதிய செய்திகளையும் தேடுவார். காலம் குறைவு என்று உணர்ந்தவர் தனக்கு நெருக்கமான சிலரிடம் போய்ச் சேர்வார். அற்பச் சண்டைகளை விட்டுவிடுவார். இதை உண்டாக்குவது வயது இல்லை, முடிவு கண்ணில் தெரிவதுதான். 1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறவிருந்த நேரத்தில் அங்கே விசாரித்தபோது, இளைஞர்களும் முதியவர்களைப்போலவே நெருங்கிய சொந்தங்களோடு இருக்கவே விரும்பினார்கள். ஒரு யுகம் முடியப்போகிறது என்ற நினைவே அதற்குப் போதுமானதாக இருந்தது. மாற்றம் நடந்து முடிந்து ஓராண்டுக்குப் பின் பார்த்தால், இளைஞர்கள் பழையபடி இளைஞர்கள் ஆகிவிட்டிருந்தார்கள்.

நாம் எண்ணிக்கையைக் கொண்டாடுகிற மக்கள். தமிழ் ஆண்டுகள் 60 முடிந்து பிறந்த ஆண்டின் பெயர் மறுபடி வரும்போது அறுபதாம் கல்யாணம்; ஆயிரம் பிறை கண்டவர் என்று சதாபிஷேகம். ஆயிரம் முழுநிலவுக்கு 80 ஆண்டும் 10 மாதமும் ஆகும். திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் அந்தத் தம்பதிகளைப் பார்க்கையில் எனக்கு எப்போதும் மனம் நிறையும். ஆனால் சங்கப் புலவர்கள் எண்ணிக்கைக்காக யாரையும் விட்டுவைக்கவில்லை. நரிவெரூஉத்தலையார் புறநானூற்றில் (195) நரைத்த பெரியவர்களை நேருக்கு நேர் அழைத்து, மீன் முள் போன்ற நரையும் சுருங்கிய கன்னமும் கொண்ட "பயனில் மூப்பின்" சான்றோரே என்கிறார். நல்லது செய்ய முடியாவிட்டாலும் அல்லதையாவது செய்யாதிருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். வள்ளுவரும் மூத்தவர் நட்பைக் கொள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. "அறனறிந்து மூத்த அறிவுடையார்" என்று அடைகொடுத்து, அவரையும் "தேர்ந்து கொளல்" என்கிறார்.

நான் 26 ஆண்டுகளாகத் தேடிய விடை அதே புறநானூற்றின் 191ஆம் பாட்டில் இருக்கிறது. இத்தனை ஆண்டு ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று பிசிராந்தையாரைக் கேட்கிறார்கள். மனைவி, மக்கள், ஏவலர், அரசன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில், "ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் யான் வாழும் ஊரே" என்று முடிக்கிறார். ஆன்று, அவிந்து, அடங்கி என்று மூன்று வினை. ஆன்று என்றால் நிறைந்து, அகன்று. அவிந்து என்றால் தணிந்து. விளக்கு அவிந்தது என்கிறோமே, அந்த அவிதல். அடங்கி என்பது தனக்குள் ஒடுங்கி நிற்பது. இந்த வரிசையை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நிறைந்த பிறகுதான் தணிய முடியும். நிறையாமல் தணிந்தால் அது சோர்வு. நிறைந்தும் தணியாவிட்டால், ஊரே பயப்படும் பெரியவர்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர் ஒருவர் முழங்கால் வலிக்கு என்னிடம் வருவார். அப்போது அவருக்கு 74 வயது. ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது விடியற்காலை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். அண்டா தூக்குவது, காய் நறுக்குவது, சாம்பார், கூட்டு எல்லாவற்றையும் பையன்களிடம் விட்டுவிட்டு, அடுப்பின் அருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சீர் அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ந்துகொண்டிருந்தது. இருபது வயதுச் சொச்சத்தில் ஒரு பையன் கிண்டிக்கொண்டிருந்தான். பெரியவர் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டு, விரலால் கூட்டி உருட்டிப் பார்த்தார். கரைந்தது. தலையசைத்தார். இன்னும் ஒரு சொட்டு. மூன்றாவது முறை மெத்தென்று உருண்டது. தக்காளிப் பதம். "இறக்கு" என்றார். ஒரு நிமிடம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். ஒரு நிமிடம் பிந்தினால் கல். பலகாரத்தைத் தின்று பார்த்த பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்து, பாகு எடுத்தது யார் என்று கேட்டார். பையன் சட்டென்று, "நான்தான் ஐயா" என்றான். கிழவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அடுத்த முறை மருந்துக்கு வந்தபோது அதைப் பற்றிக் கேட்டேன். "அவன் கைதானே அம்மா கிண்டியது" என்றார். நடிப்பு இல்லை. யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

பால்ட்டெஸ், பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனிடம் இதே வழியைக் கண்டு எழுதியிருக்கிறார். 80 வயதில் அவர் வாசிக்கும் பாடல்களைக் குறைத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதைக் கூடுதலாகப் பழகினார். வேகமான இடம் வருவதற்கு முன் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், அடுத்தது வேகமாகக் கேட்கும்படி. நம் சமையல்காரர் எதையும் படிக்காமலே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். முழுவதையும் செய்யாமல், தன்னால் மட்டுமே ஆகிற ஒன்றை வைத்துக்கொண்டார். அந்த ஒன்று இருந்ததால்தான் மற்றதை விட முடிந்தது என்று நினைக்கிறேன். உங்கள் தந்தையிடம் அப்படி ஒன்று மிச்சம் இருக்கிறதா? வங்கிக் கணக்கு, வீட்டு வரி, குலதெய்வத்துக் காரியம், பேரப்பிள்ளையின் கணக்குப் பாடம், எதுவாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் அன்பால் நாமே வாங்கிக்கொண்டுவிட்டு அவர் அமைதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதில் நான் செய்த பிழை ஒன்று இன்னும் என்னை வருத்துகிறது. என் தந்தை 78 வயதில் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்த வேண்டியிருந்தது. பார்வை குறைந்துவிட்டது; முடிவு சரியானதுதான். மருத்துவர் என்ற அதிகாரத்தில் சாவியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வண்டியை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரையே கேட்டிருக்கலாம். எதிர்வீட்டுப் பையனைத் திண்ணைக்கு அழைத்து, பிரேக் எப்படிப் பிடிக்கும், மழையில் எப்படி உதைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தன் கையால் சாவியைக் கொடுத்திருப்பார். தானே தணிவது வேறு, பிறர் ஊதி அணைப்பது வேறு. அதன்பின் அவர் கடைவீதிக்கு நடந்தும் போகவில்லை.

தங்கையைப் பற்றி நீங்கள் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவள்மேல்தான் கவலை அதிகம். எல்லாச் சண்டையையும் முடித்துவைக்கும் பிள்ளை சில வீடுகளில் உண்மையாகவே கனிந்த பிள்ளை. வேறு சில வீடுகளில், சிறு வயதில் பெரியவர்கள் குரல் உயர்ந்தபோது நடுவில் போய் நின்று பழகிய பிள்ளை. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். முதலாமவள் சமாதானம் செய்துவிட்டுத் தூங்கிவிடுவாள். இரண்டாமவள் சமாதானம் செய்துவிட்டு விழித்துக்கொண்டிருப்பாள். அவள் எப்போதாவது தனக்காகக் கோபப்பட்டிருக்கிறாளா? 'இந்த முறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருக்கிறாளா? சொன்னால் வீடு அதைத் தாங்குமா? ஆன்று என்ற முதல் படிக்கு அவளுக்கு நேரம் வேண்டும். தன் ஆசை, தன் தவறு, தன் பிடிவாதம் எல்லாம் நிறைந்து வர வேண்டும். 29 வயதில் அவளை அடங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்த மாதத்துக்குள் தந்தையைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை பேசும்போது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே அமர்ந்து, கத்தாமல், ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். அவரை நீங்களே அழைத்துப் போங்கள், தங்கையை அனுப்பாதீர்கள். அன்று காலை அவள் கொஞ்சம் தூங்கட்டும்.